வரி குறையக் குறையக் கோபம் ஏறியது எப்படி? (அமெரிக்காவில் இருந்த பிரித்தானியக் குடியேற்றங்கள், 1763–1776)

கல்லடிப்பிள்ளை:
உயர்தர வரலாறு படிக்கிற ஆக்களுக்கு ஒரு சிக்கல். சீனிச் சட்டம், முத்திரைச் சட்டம், தேயிலைச் சட்டம் எண்டு வரிசையா எழுதி, "ஆகவே சுதந்திரம் கேட்டார்கள்" எண்டு முடிக்கிறதுதான் வழமை. ஆனா தொகையைப் பார்த்தா கணக்கு உதைக்குது. மொலாசஸுக்கு (கரும்புப் பாகு) கலனுக்கு 6 பென்ஸ் வரி இருந்தது. 1764இல 3 ஆச்சு, 1766இல 1 ஆச்சு. முத்திரை வரியை ஒரு வருசத்துக்குள்ள எடுத்துட்டாங்க. 1773இல தேயிலை விலையே இறங்கிச்சு. வரி குறைஞ்சுகொண்டு போக, கோபம் மட்டும் ஏறினது ஏன்? மறுகா, "வரி வேண்டாம்" எண்டதில இருந்து "அரசரே வேண்டாம்" எண்டதுக்கு எந்த இடத்தில தாண்டினாங்க?

வாவிக்கரையான்:
கேள்வி சரியான இடத்தில் நிற்கிறது தம்பி. தொகையைப் பார்க்காமல், வரி எப்படி அறவிடப்பட்டது என்று பாருங்கள்.

மொலாசஸ் என்றால் நம்ம பக்கத்து ஆக்களுக்கு விளக்கத் தேவையில்லை, ஹிங்குராணைக் கரும்பை நினைத்தால் போதும். நியூ இங்கிலாந்தில் அதுதான் ரம் சாராயத்தின் மூலப்பொருள். 1733 முதல் பிரித்தானியருடையதல்லாத தீவுகளின் மொலாசஸுக்கு 6 பென்ஸ் வரி இருந்தது, ஆனால் பெரும்பாலும் கட்டப்படவில்லை. கடத்தல்தான், சுங்கக்காரர் கையில் கொஞ்சம் வைத்தால் சரி. பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தபோது பிரித்தானியா பெரும் கடனில் இருந்தது. அமெரிக்காவில் சுமார் 10,000 படையினரை நிறுத்தி வைக்கும் செலவு வேறு. அதனால் 1764இல் வரியைப் பாதியாக்கி, அதை உண்மையாகவே வாங்கத் தொடங்கினார்கள். ஏட்டில் இருந்த 6 பென்ஸைவிடக் கையால் கட்டிய 3 பென்ஸ் கூடுதலாக வலித்தது.

அதோடு, சுங்க வழக்குகளை ஜூரி இல்லாத கடற்படை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். அப்படி ஒன்று ஹாலிஃபக்ஸில் இருந்தது, பொஸ்டனில் இருந்து நாள்கணக்கில் கடற்பயணம். பொருளின் உரிமையாளர்தான் தன் பக்கத்தை நிரூபிக்க வேண்டும். அதே 1764இல் குடியேற்றங்களின் காகிதப் பணத்தைச் சட்டபூர்வ நாணயமாக வெளியிடத் தடை வந்தது. அடுத்த வருட முத்திரை வரியை ஸ்டேர்லிங்கில்தான், அதாவது பிரித்தானியப் பணத்தில்தான் கட்ட வேண்டும். கையில் இருக்கிற பணத்தை முடக்கிவிட்டு இல்லாத பணத்தில் வரி கேட்டால் எப்படி இருக்கும்?

முத்திரைச் சட்டம் 1765 மார்ச் 22இல் நிறைவேறி நவம்பர் 1இல் அமுலுக்கு வர இருந்தது. பத்திரிகை, உறுதி, வழக்குப் பத்திரம், உரிமப் பத்திரம் எல்லாம் முத்திரைத் தாளில்தான். சீட்டுக்கட்டுக்கு 1 சிலிங், சூதாட்டக் காய் ஒரு சோடிக்கு 10 சிலிங். இதில் யார் அடிபட்டார்கள் என்று பாருங்கள்: சட்டத்தரணி, அச்சகக்காரர், வணிகர். எழுதவும் பேசவும் தெரிந்த கூட்டத்தையே ஒரே சட்டத்தில் சேர்த்துப் பகைத்துக்கொண்டது இலண்டன். இதைவிடப் பெரிய மடத்தனம் தேடினாலும் கிடைக்காது.

எதிர்ப்பு வென்றதும் சட்டத்தின் பொறிமுறையால்தான். முத்திரைத் தாளை விநியோகிக்க ஒவ்வொரு குடியேற்றத்திலும் ஒருவர் வேண்டும். அவர் இல்லாவிட்டால் தாள் இல்லை, தாள் இல்லாவிட்டால் வரி இல்லை. 1765 ஓகஸ்ட் 14இல் பொஸ்டனில் விநியோகத்தரான அன்ட்ரூ ஒலிவரின் உருவப்பொம்மையை மரத்தில் தூக்கினார்கள், மறுநாள் அவர் பதவி வேண்டாம் என்றார். நவம்பருக்குள் ஏறக்குறைய எல்லா விநியோகத்தரும் விலகிவிட்டார்கள்.

பட்டிருப்பு_வாசகி:
வாவிக்கரையான் அண்ணா சொன்னதோடு ஒன்று. "பிரதிநிதித்துவம் இன்றி வரி இல்லை" என்பதைப் பிள்ளைகள் "பாராளுமன்றத்தில் ஆசனம் கேட்டார்கள்" என்று எழுதுகிறார்கள். பிழை. 1765 ஒக்டோபரில் நியூயோர்க்கில் 9 குடியேற்றங்கள் கூடிய மாநாடு, தூரம் முதலான நிலைமைகளால் தாங்கள் அங்கே பிரதிநிதித்துவம் பெறவே முடியாது என்று தெளிவாகச் சொன்னது. அவர்கள் கேட்டது, எங்கள் சட்டசபைதான் எங்களுக்கு வரி போடலாம் என்று. இலண்டனும் அதைப் புரிந்துகொண்டுதான் 1766 மார்ச் 18இல் முத்திரைச் சட்டத்தை நீக்கிய அன்றே, "எந்த விடயத்திலும்" குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றத் தனக்கு அதிகாரம் உண்டு என்று இன்னொரு சட்டத்தை வைத்தது. காசை விட்டுக்கொடுத்துவிட்டு அதிகாரத்தை இறுக்கிப் பிடித்தார்கள்.

பிரித்தானிய நிதியமைச்சர் டவுன்செண்ட் கொண்டுவந்த 1767 வரிகளிலும் இதே கதைதான். கண்ணாடி, ஈயம், வர்ணம், காகிதம், தேயிலை என்ற பட்டியலை எல்லாரும் மனப்பாடம் செய்கிறார்கள். வந்த பணம் எதற்கு என்பதை எழுதுகிறவர் குறைவு. ஆளுநருக்கும் நீதிபதிக்கும் அதிலிருந்து சம்பளம் கொடுக்கலாம் என்பது ஏற்பாடு. அதுவரை பல இடங்களில் ஆளுநரின் சம்பளம் சட்டசபையின் கையில் இருந்தது. அவரை வழிக்குக் கொண்டுவரச் சபைக்கு இருந்த மூக்கணாங்கயிறு அதுதான், அதை அறுக்கப் பார்த்தார்கள்.

1770இல் தேயிலை தவிர மற்ற வரிகளை நீக்கப் பிரதமர் நோர்த் பிரபு பாராளுமன்றத்தில் பிரேரித்தது மார்ச் 5. அதே நாளில்தான் பொஸ்டனில் படையினர் சுட்டு 5 பேர் இறந்தார்கள். செய்தி கப்பலில் போய்வர வாரக்கணக்கு எடுக்கும் காலம், இரு கரைக்கும் ஒன்றை ஒன்று தெரியாது.

கல்லடிப்பிள்ளை:
நன்றி அக்கா. அப்ப தேயிலை? விலை குறைஞ்ச தேயிலையை ஏன் கடல்ல கொட்டணும்?

வாவிக்கரையான்:
1773 தேயிலைச் சட்டம் புது வரி போடவில்லை. இறாத்தலுக்கு 3 பென்ஸ் என்ற பழைய வரி அப்படியே இருந்தது. கிழக்கிந்தியக் கம்பனியின் களஞ்சியங்களில் தேயிலை தேங்கிக் கிடந்தது, கம்பனி கடனில் மூழ்கியிருந்தது. பிரித்தானியாவில் கட்டிய தீர்வையைத் திருப்பிக் கொடுத்து, கம்பனி தான் தெரிவுசெய்த முகவர்களுக்கு நேரே அனுப்பலாம் என்றார்கள். கடத்தல் தேயிலை விற்றவருக்கும் நட்டம், ஒழுங்காக இறக்குமதி செய்த வணிகருக்கும் நட்டம். பொஸ்டன் முகவர்களில் ஆளுநர் ஹட்சின்சனின் இரண்டு மகன்மாரும் இருந்தார்கள். மலிவுத் தேயிலையை வாங்கிக் குடித்தால் வரியை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயம் வேறு.

தேயிலையைக் கொட்டின நாள் டிசம்பர் 16 ஆக வந்ததும் சுங்க விதியால்தான். கப்பல் வந்து 20 நாளுக்குள் தீர்வை கட்டாவிட்டால் சுங்கம் சரக்கைப் பறிமுதல் செய்யலாம். நவம்பர் கடைசியில் வந்த டார்ட்மவுத் கப்பலுக்குத் தவணை டிசம்பர் 17. இறக்காமல் திரும்பிப் போக ஆளுநர் அனுமதி தரவில்லை. மற்றத் துறைமுகங்களில் இப்படி முட்டவில்லை: பிலடெல்பியாவுக்கு வந்த கப்பலைத் திருப்பியே அனுப்பினார்கள். பொஸ்டனில் தவணைக்கு முதல் நாள் இரவு, தேயிலையோடு வந்திருந்த மூன்று கப்பல்களிலும் இருந்த சுமார் 340 பெட்டி, 92,000 இறாத்தலுக்கு மேல், தண்ணீருக்குள் போனது. (சீனத் தேயிலை. நம்ம மலைநாட்டில் தேயிலைத் தோட்டம் வர 1867 ஆகவேண்டும்.)

கல்முனைக்கரை:
இடையில ஒரு வார்த்தை. 1795இல பிரித்தானியர் மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தரிட்ட இருந்து பிடிச்ச பிறகு, நம்ம கரையோரத்தை முதல்ல நிருவகிச்சதும் அதே கிழக்கிந்தியக் கம்பனிதான். தென்னைக்கு மரவரி போட்டு 1797இல கரையோரத்தில கிளர்ச்சி வந்துது, வரியை எடுத்தாங்க. அது சுதந்திரக் கோரிக்கையா வளரல்ல. வரி எதிர்ப்பு தானா விடுதலைப் போராட்டமா மாறாது எண்டு எழுத நல்ல ஒப்பீடு இது. அமெரிக்காவில கூடுதலா இருந்தது என்ன?

பட்டிருப்பு_வாசகி:
குழுக்கள், கல்முனைக்கரை. அதுதான் வித்தியாசம்.

தேயிலைக்குத் தண்டனையாக 1774 ஜூன் 1இல் பொஸ்டன் துறைமுகத்தை மூடினார்கள். பொஸ்டன் இருந்த மசாசூசெட்ஸ் குடியேற்றத்தின் சாசனத்தை மாற்றி, ஆளுநரின் அனுமதி இல்லாமல் ஊர்க்கூட்டம் வைக்க முடியாதபடி செய்தார்கள். ஒரு சாசனத்தை இப்படி மாற்றலாம் என்றால் எங்களுடையதையும் மாற்றலாமே என்று மற்றவர்கள் யோசித்தார்கள். செப்டெம்பரில் பிலடெல்பியாவில் 12 குடியேற்றங்கள் கூடின. (13 அல்ல, ஜோர்ஜியா வரவில்லை. இங்கே புள்ளி போகிறது.) டிசம்பர் 1 முதல் பிரித்தானியப் பொருள் இறக்குமதி இல்லை என்று உடன்பட்டு, அதைக் கண்காணிக்க ஒவ்வொரு கவுண்டியிலும் நகரிலும் ஊரிலும் குழு அமைக்கச் சொன்னார்கள். மீறினவரின் பெயர் பத்திரிகையில் வரும், அவரோடு கொடுக்கல் வாங்கல் நின்றுவிடும். 1775இல் துப்பாக்கி வெடிக்க முன்னமே பல ஊர்களில் அரசாங்க வேலையைச் செய்தது இந்தக் குழுக்கள்தான்.

ஆனாலும் அப்போதும் சுதந்திரம் கேட்கவில்லை. 1775 ஏப்ரல் 19 லெக்சிங்டன் சண்டைக்குப் பிறகு, ஜூலையில்கூட அரசருக்கு சமாதான மனு அனுப்பினார்கள். மூன்றாம் ஜோர்ஜ் அதை ஏற்கவில்லை, ஓகஸ்ட் 23இல் கலகக்காரர் என்று பிரகடனம் செய்தார். டிசம்பரில் குடியேற்றங்களின் கப்பல்களை எதிரிக் கப்பல்போலப் பறிக்கச் சட்டம் வந்தது. பிறகு ஜேர்மன் கூலிப்படை. 1776 ஜனவரியில் தோமஸ் பெயினின் சிறு நூல் முடியாட்சியையே நேராகத் தாக்கியபோது கேட்க ஆள் இருந்ததற்குக் காரணம் இந்த ஆறு மாதம். பிரான்சின் உதவி என்ற கணக்கும் இருந்தது: தன்னைப் பிரித்தானியக் குடிமகன் என்று சொல்கிறவனோடு வேறு அரசன் ஒப்பந்தம் செய்யமாட்டான்.

வாவிக்கரையான்:
தம்பி கேட்ட "தாண்டின இடம்" 1776 சுதந்திரப் பிரகடனத்தின் வாசகத்திலேயே தெரியும். சுதந்திரத்துக்கு வாக்களித்தது ஜூலை 2, வாசகத்தை ஏற்றது ஜூலை 4. பத்து வருடமாகப் பாராளுமன்றத்தைத் திட்டி அரசரிடம் முறையிட்டவர்கள், அதில் பாராளுமன்றம் என்ற பெயரையே எழுதவில்லை. அதன் அதிகாரத்தைத்தான் ஏற்கெனவே மறுத்துவிட்டார்களே, அறுக்க மிச்சம் இருந்தது அரசரோடான கயிறு ஒன்றுதான். அதனால் குற்றச்சாட்டுகள் அரசர்மேல். வழமையாக எண்ணுகிறபடி 27 வருகிறது, அதில் சம்மதம் இல்லாமல் வரி போட்டது என்பது ஒன்றே ஒன்று.