13 வயதுப் பையனுக்குக் கணுக்கால் பிசகல்: வலி மாத்திரை போட்டு மேட்சுக்கு அனுப்பலாமா?

கோத்தகிரி அம்மா:
என் மகனுக்கு 13 வயது, 38 கிலோ. சனிக்கிழமை காந்தி மைதானத்தில் ஃபுட்பால் ஆடும்போது வலது பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. கணுக்காலின் வெளிப்பக்கம் நன்றாக வீங்கியிருக்கிறது, நொண்டி நொண்டி நடக்கிறான். மாமியார் நீலகிரித் தைலம் போட்டு அழுத்தி நீவிவிட்டார். அடுத்த வாரம் மண்டலப் போட்டி. டீமில் பெரிய பையன்கள் மேட்சுக்கு முன்னால் டைக்ளோஃபினாக் போட்டுக்கொண்டுதான் இறங்குவார்களாம். இவனுக்கும் ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கலாமா?

குன்னூர் பிசியோ:
வேண்டாம் அம்மா. அந்த அட்டையை முதலில் வாங்கி வையுங்கள்.

கணுக்காலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பின் பின் விளிம்பையும் நுனியையும் விரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே வலித்தாலோ, நான்கு அடி காலூன்றி நடக்க முடியாவிட்டாலோ இன்றே எக்ஸ்ரே. இந்த வயதில் எலும்பு நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டு, தசைநாரைவிட பலம் குறைந்தது. பெரியவர்களுக்குச் சுளுக்காகப் போவது பிள்ளைகளுக்குத் தட்டில் அடியாக முடியலாம். மாத்திரை போட்டு வலியை மறைத்து ஓடினால், எப்போது நிறுத்த வேண்டும் என்று அவனுக்கே தெரியாது. எனக்கு இதுதான் பெரிய கவலை.

வலி தாங்காமல் தூங்க முடியவில்லை என்றால் பாராசிட்டமால் போதும். கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் இவனுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. ஆறு மணி நேர இடைவெளி விடுங்கள், ஒரு நாளில் நான்குக்கு மேல் கூடாது. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் டாக்டர் எழுதினால் மட்டும், அதுவும் சாப்பிட்ட பிறகு. உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும்போது இவை சிறுநீரகத்தைப் பாதிக்கும். நம் குளிரில் பிள்ளைகளுக்குத் தாகமே தெரிவதில்லை, தண்ணீர் குடிக்காமலே ஆடுவார்கள். ஆஸ்பிரின் இந்த வயதில் வேண்டவே வேண்டாம்.

தைலம் போடலாம், நீவுவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். துணியில் சுற்றிய ஐஸ், கிரேப் பேண்டேஜ், காலைத் தலையணை மேல் தூக்கி வைப்பது, இவ்வளவு போதும். தேயிலைத் தோட்டப் படிகளில் இறங்கவிடாதீர்கள்.

ஊட்டி அப்பா:
என் மகள் ஹெச்.ஏ.டி.பி. மைதானத்தில் ஓடுகிறாள். ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். சாதாரண வலி மாத்திரைகள் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் ஸ்டீராய்டு ஊசி 2022 முதலும், டிரமடால் என்ற வலுவான வலி மருந்து 2024 முதலும் போட்டிக் காலத்தில் தடை. பெரிய போட்டிகளுக்குப் போகப்போகும் பிள்ளைகள் யாரோ கொடுத்ததை விழுங்கும் பழக்கத்தை இப்போதே விடுவது நல்லது.

கோத்தகிரி அம்மா:
எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. தட்டில் லேசான அடி பட்டிருந்தால் இதில் தெரியாமலும் போகலாம், வலி நீடித்தால் 10 நாள் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். மண்டலப் போட்டி கிடையாது என்றதும் பையன் என்னோடு பேசுவதில்லை. மறுபடி எப்போது ஆடலாம்?

குன்னூர் பிசியோ:
தேதியை விட்டுவிடுங்கள், காலைப் பாருங்கள். வலியில்லாமல் நடக்க வந்ததும், பல் தேய்க்கும்போது அந்தக் காலில் மட்டும் நிற்கச் சொல்லுங்கள். அப்புறம் மெதுவான ஓட்டம், வளைந்து திரும்பி ஓடுவது, கடைசியில் பந்து. மாத்திரை எதுவும் போடாமல் ஒற்றைக் காலில் இடது காலைப் போலவே குதிக்க முடிந்தால் பிராக்டிஸுக்கு அனுப்புங்கள். போட்டி நாளில் டீமோடு போய் உட்காரட்டும், அவனைத் தடுக்காதீர்கள்.