ரேடியம் 223இலிருந்து கார்பன் வருவது ஏன் இவ்வளவு அரிது?

நெல்லை மாணவி:
எம்எஸ்சி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ரேடியம் 223க்கு க்யூ மதிப்பு, அதாவது சிதைவில் வெளிப்படும் ஆற்றல், போட்டுப் பார்த்தேன். ஆல்பா துகள் (இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான்) வெளியேறினால் 5.98 எம்இவி (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்), கார்பன் 14 வெளியேறினால் 31.8. இத்தனை ஆற்றல் கிடைத்தும் நூறு கோடி ஆல்பாவுக்கு ஒரு கார்பன்தான் வருகிறதாம். "கூலும் தடுப்பு (நேர்மின் துகளைக் கருவுக்குள் அடைத்துவைக்கும் மின்விசை மதில்) உயரம், அதனால்தான்" என்று வகுப்பில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மனசு ஒப்பவில்லை. அப்புறம், ஏன் கார்பன் 12 வருவதில்லை?

குவாண்டம் வாசகன்:
இரண்டாவது கேள்விக்கு விடை, மிஞ்சுகிற கருவில் இருக்கிறது. கார்பன் 14 போனால் மிஞ்சுவது ஈயம் 209. அது, புரோட்டான் 82, நியூட்ரான் 126 என்று இரண்டும் மாய எண்ணாக (கருவுக்குத் தனி உறுதி தரும் எண்ணிக்கையாக) உள்ள ஈயம் 208க்கு ஒரே ஒரு நியூட்ரான் கூடுதல். கார்பன் 12 போனால் ஈயம் 211, க்யூ 27.7க்கு இறங்கிவிடும். சுரங்க ஊடுருவலில் (தடுப்பைத் தாண்ட ஆற்றல் போதாத துகள் குவாண்டம் விதிப்படி அதைத் துளைத்து வெளியேறுவதில்) அந்த நாலு எம்இவி பெரிய அடி. முதல் கேள்விக்கு உங்கள் ஆசிரியர் சொன்னதே சரி.

பழைய ஆய்வகவாசி:
தடுப்பு பாதிக் கதைதான். ஆல்பா சிதைவைச் சுரங்க ஊடுருவலாக விளக்கிய இயற்பியலாளர் காமாவின் 1928ஆம் ஆண்டுக் கணக்கையே போட்டுப் பாருங்கள். ஊடுருவும் வாய்ப்பு, e என்ற எண்ணின் எதிர்மறை அடுக்காக வரும். இரு கருக்களும் தொடும் தூரத்துக்கு ஆர மாறிலி (கருவின் ஆரத்தைக் கணிக்கும் எண்) 1.2 ஃபெர்மி எடுத்தால், அந்த அடுக்கு ஆல்பாவுக்கு 58.6, கார்பனுக்கு 67.4 வரும். வித்தியாசம் 8.8, அதாவது சுமார் ஏழாயிரத்தில் ஒன்று. மீதி, சுமார் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு, எங்கிருந்து வரும்? ஆறு புரோட்டானும் எட்டு நியூட்ரானும் கருவின் ஓரத்தில் ஒரே கொத்தாகத் திரள வேண்டுமே! நாலு துகள் சேர்வதும் பதினாலு சேர்வதும் ஒன்றா?

நான் ஆல்பா எண்ணியவன். உணரி, தங்கம் பூசிய சிறு சிலிக்கான் வில்லை. முகத்தில் விரல் படக்கூடாது, வெளிச்சம் புகாமல் கலத்தின் மேல் கறுப்புத் துணி. மூலம் கொஞ்சம் வலுவாக இருந்தாலே இரண்டு ஆல்பா ஒன்றாக விழுந்து 11 எம்இவியில் பொய்த் துடிப்பு காட்டும். அதனால்தான் ஆக்ஸ்ஃபோர்டில் ரோஸும் ஜோன்ஸும் 1984இல் செய்ததை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும். அந்த ஆல்பா மழைக்கு நடுவே, 30 எம்இவிக்குச் சற்றுக் கீழே வரும் கார்பனை, மெல்லிய உணரியில் இழக்கும் ஆற்றலையும் சேர்த்து அளந்து பிரித்தார்கள். 189 நாளில் கிடைத்தது 11 நிகழ்வு. சாண்டுலெஸ்கு, போயனாரு, கிரைனர் மூவரும் 1980லேயே இப்படி நடக்கும் என்று கணித்திருந்தார்கள்.

நெல்லை மாணவி:
நன்றி சார். ராத்திரியே போட்டுப் பார்த்தேன், 8.8 வந்தது. மாறிலியை 1.25 ஆக்கினால் 6.3தான் வருகிறது! தடுப்பின் பங்கு சுமார் 540இல் ஒன்றாகிவிடுகிறது. அப்படியானால் கொத்து திரள்வதன் பங்கு?

பழைய ஆய்வகவாசி:
அது இருபது லட்சத்தில் ஒன்றை நெருங்கும். இரண்டையும் பெருக்கினால் வருவதை மட்டுமே சோதனை அளக்கிறது. இதைப் பிரிப்பதில்தான் மாதிரிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. அடுத்து யுரேனியம் 232இலிருந்து நியான் 24 வருவதற்குப் போடுங்கள். அங்கே மிஞ்சுவது ஈயம் 208 தானே.