தீபாவளி என்றாலே உடம்பு படுத்துகிறது, இந்த முறை எப்படிச் சமாளிப்பது?

தாமிரபரணி 46:
எனக்குச் சர்க்கரை வந்து ஆறு வருடம் ஆகிறது. சென்னையில் இருக்கிறோம், தீபாவளிக்குத் தவறாமல் திருநெல்வேலிப் பக்கம் கணவரின் ஊருக்குப் போய்விடுவோம். போன வருடம் ரயிலில் இடம் கிடைக்காமல் பேருந்தில் போனோம், பரனூர் டோல்கேட்டைத் தாண்டவே நள்ளிரவு ஆகிவிட்டது, போய் இறங்கும்போது கால் இரண்டும் வீங்கியிருந்தன. போன கையோடு அடுப்படிதான். அதிரசம், முந்திரிக்கொத்து, முறுக்கு என்று இரண்டு நாள் எண்ணெய்ச் சட்டி முன்னாலேயே நின்றேன். தீபாவளியன்று மூன்றரைக்கு எழுந்து, எல்லோருக்கும் தலையில் எண்ணெய் வைத்துவிட்டு, வழக்கமாகப் போடும் மாத்திரையை ஆறு மணிக்குப் போட்டுக்கொண்டேன். சாமி கும்பிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டு, பத்தரை வரை நான் ஒரு வாய் சாப்பிடவில்லை. வடை சுட்டுக்கொண்டிருக்கும்போதே வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். பக்கத்தில் சட்டியில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. மகள் ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். ஊர் திரும்பிப் பரிசோதித்தால் வெறும் வயிற்றிலேயே 260.

அத்தைக்கு 74 வயது, என்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஆனால் பலகாரத்தைக் கடையில் வாங்கலாமா என்றால் முகம் வாடிவிடும். தேதி நெருங்க நெருங்க இப்போதே நெஞ்சு படபடக்கிறது, இரவில் தூக்கம் இல்லை. பையனுக்கு வீசிங் வேறு. அத்தை மனமும் நோகாமல், நானும் விழாமல் இருக்க வழி சொல்லுங்கள்.

வார்டு செவிலி:
அக்கா, முதலில் அந்த மாத்திரையின் பெயரைப் பாருங்கள். கிளிமிபிரைடு வகை என்றால் அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும், நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அதற்குத் தெரியாது. அதைப் போட்டுவிட்டு நாலரை மணி நேரம் வெறும் வயிற்றோடு நின்றால் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். மெட்பார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இப்படி ஆவது அரிது. ஊருக்குக் கிளம்பும் முன் உங்கள் டாக்டரிடம், "தீபாவளியன்று காலைச் சாப்பாடு தள்ளிப்போகும், மாத்திரையை எப்படிப் போடுவது" என்று இதே வார்த்தையில் கேட்டுவிடுங்கள், நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். என்னைக் கேட்டால் சாப்பாட்டைத் தள்ளிப்போடவே கூடாது. குளித்ததும் இரண்டு இட்லி சாப்பிடுவதைச் சாமி தப்பாக எடுத்துக்கொள்ளாது.

குளுக்கோமீட்டரைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். நடுக்கம், வியர்வை வந்து 70க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் சாப்பாடு. நினைவு தப்பிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108க்கு அழைக்க வேண்டும். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், மகளுக்குத் தெரிந்திருந்ததால்தான் அன்று தப்பித்தீர்கள்.

திரும்பி வந்ததும் 260 ஏறியதற்கு நின்றுகொண்டே கொறித்ததும் ஒரு காரணமாக இருக்கும். உப்பு பார்க்க ஒரு முறுக்கு, பாகுப் பதம் பார்க்க ஒரு விள்ளல், இதெல்லாம் கணக்கிலேயே வராது. தீபாவளி லேகியம் மருந்துதானே என்று உருண்டையாக விழுங்குகிறோம், அதிலும் வெல்லமும் நெய்யும்தான். இனிப்பு வேண்டுமென்றால் சாப்பாட்டோடு ஒரு துண்டு, உட்கார்ந்து.

பையனுக்குத் தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர் கொடுத்திருந்தால் ஊரிலும் ஒரு நாள் விடாதீர்கள். மூச்சு இழுக்கும்போது கொடுப்பது வேறு இன்ஹேலர், அதை ஸ்பேசரோடு (இன்ஹேலரில் பொருத்தும் குழாய்) கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். நம் மாநிலத்தில் வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்றாலும் தெருவில் அப்படியா நடக்கிறது? புகை அடங்கும்வரை அவன் ஜன்னல் சாத்திய உள்ளறையில் இருக்கட்டும். யாருக்காவது தீக்காயம் பட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள், பேஸ்ட், இங்க், மாவு எதுவும் தடவ வேண்டாம். அதையெல்லாம் சுரண்டி எடுக்கும்போது பிள்ளைகள் அலறுவதை வருடா வருடம் பார்க்கிறேன்.

பெருங்களத்தூர் அண்ணன்:
பயணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்தான், முன்பு போல 120 இல்லை, நாள் கணக்குப் பார்த்து அன்று காலை 8 மணிக்கு உட்கார்ந்துவிடுங்கள். கிடைக்கவில்லை என்றால் முந்தின நாள் இரவு மட்டும் கிளம்பாதீர்கள். ஒரு நாள் கூடுதலாக லீவு போட்டு அதற்கும் முன்னால் போய்விட்டால் அந்த ஒரு நாள் தூங்குவதற்கு.

மூன்று மருமகள்களின் அத்தை:
தாமிரபரணிம்மா, நான் அந்தப் பக்கத்தில் நிற்கிறவள், அதனால் எழுதுகிறேன். கடைப் பலகாரம் என்றால் உங்கள் அத்தைக்கு முகம் வாடுவது உங்கள் மேல் கோபத்தால் இருக்காது. அக்கம்பக்கத்து வீட்டிலிருந்து வந்த தட்டை வெறுமையாக எப்படித் திருப்பிக் கொடுப்பது, தன் கைமணம் தன்னோடு போய்விடுமா என்ற கவலை. எனக்கு அதுதான் இருந்தது. என் இரண்டாவது மருமகள் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, எனக்கு இடுப்பு விட்டுப்போகுது, நாலு பலகாரத்தில் எது உங்களுக்கு முக்கியம், அதை மட்டும் சேர்ந்து செய்வோம்" என்று கேட்டாள். அதிரசம் என்றேன். மீதி மூன்றையும் அன்றே விட்டுவிட்டேன், அவள் சொல்லும்வரை அவளுக்கு வலிக்கிறது என்றே எனக்குத் தெரியாது, சத்தியமாக. நீங்கள் மயங்கியது உங்கள் அத்தைக்குத் தெரியுமா?

தாமிரபரணி 46:
தெரியாது அம்மா. பண்டிகை நாளில் எதற்கு என்று மகளிடமும் சொல்ல வேண்டாம் என்றுவிட்டேன். இன்று இரவே அத்தைக்குப் போன் செய்கிறேன். மாத்திரைச் சீட்டை எடுத்துப் பார்த்தேன், செவிலித் தங்கச்சி சொன்ன அதே கிளிமிபிரைடுதான்.