புதுப்பிப்பு: சாட்ஜிபிடியை மேற்கோள் பட்டியலில் எப்படிப் போடுவது?

கும்பகோணத்தில் தலைமையகம் உள்ள சிட்டி யூனியன் வங்கி பற்றிய எம்.காம். ப்ராஜெக்டில் ஆண்டறிக்கையையும் சாட்ஜிபிடியையும் எப்படிக் காட்டுவது என்று கேட்டிருந்தேனே, அதற்கு வழி கிடைத்துவிட்டது. எங்கள் துறையில் ஏ.பி.ஏ. என்கிற மேற்கோள் முறைதான். ஆண்டறிக்கை சுலபம்: வங்கியே ஆசிரியர், அப்புறம் ஆண்டு, அறிக்கையின் பெயர், இணைய முகவரி. சாட்ஜிபிடிக்கு ஓப்பன்ஏஐ நிறுவனம் ஆசிரியர். ஆண்டு, பதிப்பு, முகவரியும் வேண்டும். எம்.எல்.ஏ. என்கிற இன்னொரு மேற்கோள் முறையில் எழுதுகிறவர்கள் இதைப் பார்த்து எழுதிவிடாதீர்கள், அங்கே கருவியை ஆசிரியராக வைப்பதில்லை, நாம் கேட்ட கேள்வியைத் தலைப்பு இடத்தில் விவரிக்க வேண்டும்.

வாராக்கடன் விகிதம் மாதிரி எண்களைக் கருவியை நம்பிப் போடவே வேண்டாம், ஆண்டறிக்கையைத் திறந்து பக்க எண்ணோடு எழுது என்றார் கைடு மேடம். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது, அதே கேள்விக்கு நாளைக்கே வேறு பதில் வரலாம். தஞ்சாவூர், மன்னார்குடி பக்கம் படிக்கிறவர்கள் உங்கள் கைடிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.