உபுண்டு நிறுவும்போது எஸ்.எஸ்.டி தென்படவில்லை: விண்டோஸை இழக்காமல் தீர்க்க வழி உண்டா?

செவ்வானம்:

அனைவருக்கும் வணக்கம். என் மடிக்கணினியில் விண்டோஸ் 11 இருக்கிறது. அதை அழிக்காமல், அதே கணினியில் உபுண்டு 24.04-ஐ இரண்டாவது இயங்குதளமாக நிறுவ விரும்புகிறேன். இன்டெல் 10-ஆம் தலைமுறைச் செயலி, 8 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. என்.வி.எம்.இ எஸ்.எஸ்.டி (வேகமான சேமிப்பகம்) ஆகியவை என் கணினியில் உள்ளன. ஐ.எஸ்.ஓ என்ற நிறுவல் கோப்பைப் பதிவிறக்கி, அது சிதையாமல் வந்திருக்கிறதா என்று அதன் ஷா-256 மதிப்பை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ரூஃபஸ் என்ற செயலி வழியாகப் பென் டிரைவில் எழுதினேன்.

பென் டிரைவிலிருந்து உபுண்டு எந்தத் தடங்கலும் இல்லாமல் துவங்குகிறது. வைஃபை, ஒலி, டச்பேட் எல்லாம் வேலை செய்கின்றன. ஆனால் நிறுவத் தொடங்கியதும், ஆர்.எஸ்.டி என்ற இன்டெலின் சேமிப்பக மேலாண்மை அமைப்பு இயங்கிக்கொண்டிருப்பதாகவும் அதை அணைத்தால்தான் தொடர முடியும் என்றும் ஓர் அறிவிப்பு வந்து நின்றுவிடுகிறது. அதை மூடிவிட்டு டிஸ்க்ஸ் செயலியைத் திறந்து பார்த்தால், அங்கே பென் டிரைவ் மட்டுமே இருக்கிறது, 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி என்று ஒன்று இருப்பதற்கான தடயமே இல்லை. விண்டோஸுக்குத் திரும்பினால் எல்லாம் வழக்கம்போல இருக்கிறது. எஸ்.எஸ்.டி பழுதாகிவிட்டதா, அல்லது நான் தவறவிட்ட அமைப்பு ஏதேனும் உள்ளதா? விண்டோஸில் என் அலுவல் கோப்புகள் இருப்பதால் துணிந்து எதையும் மாற்றத் தயக்கமாக இருக்கிறது.

ஆலமரம்:

எஸ்.எஸ்.டி-யில் பழுது ஏதும் இல்லை, நண்பரே. கணினியைத் துவக்கும்போது எஃப் 2 அல்லது டெலீட் விசையை அழுத்தி, கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் செல்லுங்கள். சாட்டா மோட் என்ற வரியில் ஆர்.எஸ்.டி அல்லது ரெய்டு என்று இருக்கும். அதை ஏ.ஹெச்.சி.ஐ என்ற பொதுவான நிலைக்கு மாற்றிச் சேமித்தால் உபுண்டுவுக்கு எஸ்.எஸ்.டி தெரியும். இரண்டு நிமிட வேலைதான்.

செவ்வானம்:

ஆலமரம் ஐயா, நன்றி. நீங்கள் சொன்னபடியே மாற்றினேன். பென் டிரைவிலிருந்து துவக்கியபோது எஸ்.எஸ்.டி முழுதாகத் தெரிந்தது. ஆனால் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. விண்டோஸைத் துவக்கிப் பார்த்தபோது நீலத் திரை வந்து, இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ் என்ற பிழையைக் காட்டியது. மும்முறை தானாக மறுதுவக்கம் ஆகியும் அதுவே நடந்தது. கைகள் நடுங்கப் பழைய நிலைக்கே மாற்றியதும் விண்டோஸ் திரும்பி வந்துவிட்டது. இப்போது ஒன்றில் வைத்தால் உபுண்டு இல்லை, மற்றொன்றில் வைத்தால் விண்டோஸ் இல்லை என்ற நிலையில் நிற்கிறேன்.

உளி:

ஆலமரம் சொன்ன மாற்றம் சரியானதுதான். அதைச் செய்யும் வரிசைதான் விடுபட்டுவிட்டது. என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது புரிந்தால் அடுத்து வரும் படிகளில் பயம் இருக்காது.

உங்கள் தலைமுறைக் கணினிகளில் ஆர்.எஸ்.டி நிலை இயங்கும்போது, என்.வி.எம்.இ எஸ்.எஸ்.டி தன்னைத் தனிச் சாதனமாக வெளிக்காட்டிக்கொள்ளாமல் சாட்டா கன்ட்ரோலரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. அதற்கென எழுதப்பட்ட டிரைவர், அதாவது சாதனத்தை இயக்கும் மென்பொருள், விண்டோஸில் இருப்பதால் விண்டோஸ் அதைக் கண்டுகொள்கிறது. உபுண்டுவின் மையமான லினக்ஸ் கெர்னலிடம் அந்த வழி இல்லை. ஏ.ஹெச்.சி.ஐ நிலைக்கு மாற்றினால் எஸ்.எஸ்.டி வெளியே வந்துவிடும். ஆனால் விண்டோஸ், துவங்கும் நேரத்தில் தனக்குத் தேவையென்று குறித்து வைத்திருக்கும் டிரைவர்களை மட்டுமே ஏற்றும். அந்தப் பட்டியலில் புதிய நிலைக்கான டிரைவர் இல்லாததால், தான் குடியிருக்கும் டிஸ்கையே அதனால் அணுக முடியாமல் போகிறது. நீங்கள் கண்ட நீலத் திரைக்கு அதுதான் பொருள். கோப்புகளுக்கு எந்தச் சேதமும் இல்லை.

சேஃப் மோட் என்ற பழுதுபார்ப்பு நிலையில் துவங்கும்போது விண்டோஸ் அடிப்படை டிரைவர்கள் அனைத்தையும் ஏற்றும் என்பதால், நிலையை மாற்றிய பிறகு முதல் துவக்கம் சேஃப் மோடில் நடக்குமாறு முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் அதைத் தொடுவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். உங்கள் விண்டோஸில் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது சாதனக் குறியாக்கம் இயங்குகிறதா? கணினியில் ஒரே டிஸ்க்தானா, அல்லது இரண்டு டிஸ்குகள் ரெய்டு முறையில் இணைக்கப்பட்டுள்ளனவா? உண்மையிலேயே இரண்டு டிஸ்குகள் இணைந்திருந்தால் நான் சொல்லும் எதையும் செய்யாதீர்கள். அந்த இணைப்பு உடைந்து தரவுகள் போய்விடும். டிஸ்கை வேகப்படுத்தும் இன்டெலின் ஆப்டேன் நினைவகம் இயங்கினாலும் அதை முதலில் விண்டோஸிலிருந்தே முடக்க வேண்டும்.

செவ்வானம்:

உளி ஐயா, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி. டிஸ்க் ஒன்றுதான், ஆப்டேன் இல்லை. அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்புப் பகுதிக்குள் சென்று பார்த்தேன். நான் எப்போதும் இயக்கியதாக நினைவில்லாத சாதனக் குறியாக்கம் அங்கே இயங்கிக்கொண்டிருக்கிறது. என்னுடையது விண்டோஸ் ஹோம் பதிப்பு.

உளி:

மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு விண்டோஸை முதன்முதலில் அமைத்த பல கணினிகளில் அது தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். பலருக்கு அது இருப்பதே தெரியாது. நீங்கள் பயாஸில் மாற்றியபோது குறியாக்கத்தைத் திறக்கும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்காமல் விட்டது உங்கள் நல்வாய்ப்பு. பல கணினிகளில் இத்தகைய மாற்றம் ஒன்று நடந்தாலே அந்த எண்ணைக் கேட்டுத் திரை உறைந்துவிடும், அது கையில் இல்லாதவர்கள் தங்கள் கோப்புகளை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆகவே முதல் வேலையாக, வேறொரு கருவியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, அங்குச் சேமிக்கப்பட்டுள்ள மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அலுவல் கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, அவற்றுள் இரண்டு மூன்றைத் திறந்தும் பாருங்கள். பிறகு சாதனக் குறியாக்கத்தை அணைத்துவிட்டு, அது முழுமையாக நீங்கும்வரை காத்திருங்கள். அணைத்தவுடனே முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். டிஸ்க் முழுவதையும் அது திருப்பி எழுத வேண்டியிருக்கும்.

அதன் பின் விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் அழுத்தி, எம்.எஸ்.கான்ஃபிக் எனத் தட்டச்சு செய்யுங்கள். பூட் தாவலில் சேஃப் பூட் என்பதையும் அதன் கீழ் மினிமல் என்பதையும் தேர்ந்தெடுத்து, மறுதுவக்கம் செய்து, விண்டோஸ் துவங்குவதற்கு முன்பே பயாஸுக்குள் சென்று ஏ.ஹெச்.சி.ஐ நிலைக்கு மாற்றிச் சேமியுங்கள். விசையை அழுத்தத் தாமதமாகி, பழைய நிலையிலேயே சேஃப் மோடுக்குள் நுழைந்துவிட்டாலும் பாதகமில்லை. மீண்டும் மறுதுவக்கம் செய்து முயலலாம். சில மாடல்களில் சாட்டா மோட் வரி மறைக்கப்பட்டிருக்கும். பயாஸுக்குள் கன்ட்ரோல், எஸ் விசைகளைச் சேர்த்து அழுத்தினால்தான் அது வெளிப்படும்.

சேஃப் மோடில் நுழையும்போது நான்கு இலக்கப் பின் (PIN) எண்ணை விண்டோஸ் ஏற்காமல் போகலாம் என்பதால் கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்று இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு சிறு விஷயத்தை மறந்து, முழு இரவையும் இழந்தவன் நான். உள்ளே நுழைந்ததும் எம்.எஸ்.கான்ஃபிக்கில் அந்தத் தேர்வை நீக்கிவிட்டு மீண்டும் துவக்குங்கள். டிவைஸ் மேனேஜரில் ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்ஸ் என்பதன் கீழ் ஸ்டாண்டர்டு என்.வி.எம் எக்ஸ்பிரஸ் கன்ட்ரோலர் என்று தெரிந்தால் மாற்றம் வெற்றி பெற்றுவிட்டது.

ஆலமரம்:

உளி சொல்வதே முறை. என் கணினியில் முதலில் லினக்ஸ் மட்டுமே இருந்ததால் இந்த நீலத் திரையை நான் சந்தித்ததே இல்லை. அதனால் எண்ணிப் பார்க்காமல் எழுதிவிட்டேன். செவ்வானம் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நொச்சி:

இந்த இழையைப் பிறகு படிப்பவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். 11-ஆம் தலைமுறையிலிருந்து வரும் இன்டெல் கணினிகளில் இதே பணியை வி.எம்.டி என்ற அமைப்பு செய்கிறது, பயாஸிலும் அந்தப் பெயரிலேயே இருக்கும். வி.எம்.டி-க்கு லினக்ஸ் கெர்னலில் டிரைவர் இருப்பதால், புதிய வெளியீடுகளில் எதையும் மாற்றாமலே எஸ்.எஸ்.டி தெரியக்கூடும். எனவே அத்தகைய கணினி வைத்திருப்பவர்கள் பயாஸில் கை வைப்பதற்கு முன் புதிய ஐ.எஸ்.ஓ ஒன்றைக் கொண்டு முயன்று பார்ப்பது நல்லது.

செவ்வானம்:

முதல் தடை தீர்ந்தது. குறியாக்கம் நீங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. மற்றவை பத்து நிமிடங்களில் முடிந்தன. பின் எண்ணை ஏற்காது என்று உளி ஐயா எச்சரித்தது அப்படியே நடந்தது, கடவுச்சொல்லைக் கொடுத்து நுழைந்தேன். இப்போது விண்டோஸ் வழக்கம்போலத் துவங்குகிறது, பென் டிரைவிலிருந்து பார்த்தால் எஸ்.எஸ்.டி-யும் தெரிகிறது.

அடுத்த சிக்கல் இடம் ஒதுக்குவதில் வந்திருக்கிறது. விண்டோஸ் 476 ஜி.பி. என்று காட்டும் டிஸ்கில் 270 ஜி.பி.க்கு மேல் காலியாக உள்ளது. ஆனால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்க முயன்றால் 21 ஜி.பி.க்கு மேல் சுருக்க முடியாது என்கிறது.

நொச்சி:

விண்டோஸின் சுருக்கும் கருவியால் நகர்த்த முடியாத கோப்புகள் சில உண்டு. அவற்றுள் ஒன்று டிரைவின் நடுவில் அமர்ந்திருந்தால், அதற்கு அப்பால் எவ்வளவு காலியிடம் இருந்தாலும் அந்த இடத்தோடு சுருக்கம் நின்றுவிடும். ஹைபர்னேஷன் (ஆழ்உறக்கம்) கோப்பு, ரேமுக்கு உதவும் பேஜ் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர் சேமிப்புகள் ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, மறுதுவக்கம் செய்து, மீண்டும் சுருக்கிப் பாருங்கள். வேலை முடிந்ததும் பேஜ் ஃபைலையும் ரெஸ்டோரையும் திரும்ப இயக்கிவிடலாம்.

ஹைபர்னேஷனை மட்டும் அணைத்தபடியே விட்டுவிடுமாறு பரிந்துரைக்கிறேன். அதோடு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போய்விடும், நமக்கு வேண்டியதும் அதுதான். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும்போது, ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. பாதி உறக்கத்தில் இருக்கும் அந்த டிரைவை உபுண்டுவிலிருந்து திறந்தால், படிக்க மட்டுமே அனுமதி கிடைக்கும் அல்லது திறக்கவே மறுக்கும்.

சுருக்க வேண்டிய அளவை எம்.பி.யில் கேட்கும். 120 ஜி.பி. வேண்டுமென்றால் 122880 என்று கொடுங்கள். கிடைக்கும் வெற்றிடத்தை அன்அலோகேட்டட் (ஒதுக்கப்படாத) நிலையிலேயே விட்டுவிடுங்கள். அதில் புதிய டிரைவ் எதையும் விண்டோஸில் உருவாக்க வேண்டாம்.

செவ்வானம்:

120 ஜி.பி. கிடைத்துவிட்டது. நிறுவியில் விண்டோஸுடன் சேர்த்து நிறுவும் தேர்வும் வருகிறது, கைமுறையாகச் செய்யும் தேர்வும் வருகிறது. பட்டியலின் தொடக்கத்தில் 100 எம்.பி. அளவில் ஃபேட் 32 பார்ட்டிஷன் (டிஸ்கின் பகுதி) ஒன்று இருக்கிறது. அதை ஃபார்மேட் செய்ய வேண்டுமா? அது போதுமான அளவா?

உளி:

அதை ஃபார்மேட் செய்யவே கூடாது. அதுதான் ஈ.எஃப்.ஐ பார்ட்டிஷன், விண்டோஸின் துவக்கக் கோப்புகள் அங்கேதான் உள்ளன. உபுண்டு தன் சிறிய துவக்கக் கோப்புகளை மட்டும் அங்கு ஒரு கோப்புறையில் வைத்துக்கொள்ளும் என்பதால் 100 எம்.பி. போதும். கெர்னலையே அங்குக் கொண்டுபோய் வைக்கும் வேறு சில வெளியீடுகளுக்குத்தான் அந்த அளவு பற்றாது.

விண்டோஸுடன் சேர்த்து நிறுவும் தேர்வையே எடுங்கள். செய்யப்போகும் மாற்றங்களின் தொகுப்பு திரையில் வரும்போது, 120 ஜி.பி. வெற்றிடத்தில் மட்டும் உபுண்டுவுக்கான எக்ஸ்ட் 4 பார்ட்டிஷன் உருவாகிறதா, விண்டோஸின் பார்ட்டிஷன்கள் தொடப்படாமல் இருக்கின்றனவா என்று நிதானமாகப் படித்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள். கையொப்பமிட்ட துவக்க மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட்டை அணைக்கத் தேவையில்லை.

செவ்வானம்:

உபுண்டு பிழை ஏதுமின்றி நிறுவப்பட்டது. ஆனால் பென் டிரைவை எடுத்துவிட்டு மறுதுவக்கம் செய்தால், எதையும் கேட்காமல் நேராக விண்டோஸ் வந்து நிற்கிறது. மற்றொன்று, பென் டிரைவிலிருந்து உபுண்டுவை இயக்கிய ஒவ்வொரு முறைக்குப் பிறகும் விண்டோஸின் கடிகாரம் பல மணி நேரம் பிசகிவிடுகிறது.

ஆலமரம்:

இம்முறை யோசித்தே எழுதுகிறேன். பயாஸில் பூட் வரிசையைப் பாருங்கள். விண்டோஸ் பூட் மேனேஜர் முதலிலும் உபுண்டு அதன் கீழும் இருக்கும். உபுண்டுவை மேலே ஏற்றினால், இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்க உதவும் கிரப் மெனு வரும். அந்த மெனுவில் விண்டோஸ் இல்லாமல் போனால் அஞ்ச வேண்டாம். 2021-இல் வந்த கிரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் ஓ.எஸ். புரோபர் இயல்பாக முடக்கப்பட்டிருக்கிறது. ஈ.டி.சி கோப்புறைக்குள் டிஃபால்ட் என்பதில் உள்ள கிரப் கோப்பைத் திறந்து, ஓ.எஸ். புரோபரை முடக்குவது பற்றிய வரியின் முன்னுள்ள ஹாஷ் குறியை நீக்கி, அதன் மதிப்பு ஃபால்ஸ் என்றிருப்பதை உறுதிசெய்து, கிரப்பைப் புதுப்பித்தால் விண்டோஸ் மெனுவில் சேர்ந்துவிடும்.

கடிகாரத்துக்குக் காரணம் எளியது. மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்கின்றன. உபுண்டுவையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் சண்டை ஓய்ந்துவிடும்.

செவ்வானம்:

வரிசையை மாற்றியதும் மெனு வந்தது, விண்டோஸும் அதில் இருந்தது. கடிகாரமும் ஒழுங்காகிவிட்டது. கடைசியாக ஒரு கேள்வி: அணைத்து வைத்த சாதனக் குறியாக்கத்தை மீண்டும் இயக்கலாமா? வெளியில் எடுத்துச் செல்லும் கணினி என்பதால் அதை விட்டுவிட மனமில்லை.

உளி:

இயக்கலாம். ஆனால் அதன் பிறகு விண்டோஸை கிரப் மெனு வழியாகத் துவக்கினால், துவக்கப் பாதை மாறியிருப்பதாகக் கருதி அது மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அப்படிக் கேட்டால், விண்டோஸ் தேவைப்படும்போது பயாஸின் பூட் மெனுவிலிருந்து நேரடியாக விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுங்கள். குறியாக்கத்தை அணைத்து மீண்டும் இயக்கும்போது புதிய மீட்பு எண் உருவாகும். முன்பு தாளில் எழுதிய எண் இனிப் பயன்படாது, புதியதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குறியாக்கம் இயங்கும் சி டிரைவை உபுண்டுவிலிருந்து முன்போல எளிதில் திறக்க முடியாது என்பதால், இரண்டு பக்கமும் தேவைப்படும் கோப்புகளை வெளி டிஸ்கிலேயே வையுங்கள்.

செவ்வானம்:

புதிய எண்ணை எழுதிக்கொண்டேன். நீங்கள் சொன்னபடியே கிரப் வழியாகச் சென்றபோது அதைக் கேட்டது. பயாஸின் பூட் மெனு வழியாகச் சென்றபோது கேட்கவில்லை. உளி, நொச்சி, ஆலமரம் மூவருக்கும் மிக்க நன்றி. இழையைத் தீர்ந்தது எனக் குறித்துவிடுகிறேன்.