புதுப்பிப்பு: ஷன்ட் அடைபட்டால் எப்படித் தெரியும்?

மூளையில் நீர் தேங்கும் பிள்ளைகளுக்கு, அந்த நீரை வயிற்றுக்குள் வடிக்க வைக்கும் குழாய்தான் ஷன்ட். அதைப் பற்றிய முதல் பதிவில், காதுக்குப் பின்னால் உள்ள, நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வை அமுக்கிப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன்: வீட்டில் அமுக்க வேண்டாம். அமுங்கி எழும்பினாலும் ஷன்ட் அடைபட்டிருக்கலாம்.

அடைப்பு பெரும்பாலும் மூளைக்குள் இருக்கும் நுனியில்தான் வரும். நீரைச் சுரக்கும் இழையம் குழாயின் சிறு துளைகளுக்குள் வளர்ந்துவிடும். பிள்ளை வளர வளர வயிற்றுப் பக்கக் குழாய் கழன்று போவதும் உண்டு. இரண்டு வருடத்துக்குள் ஏறத்தாழ பாதி ஷன்ட்கள் பழுதாகின்றன. பெற்றோரின் கவனக்குறைவு அதற்குக் காரணமல்ல.

கைக்குழந்தைக்கு உச்சிக்குழி புடைக்கும், கண் கீழ்நோக்கியே நிற்கும். பெரிய பிள்ளைக்குக் காலைத் தலையிடி, சத்தி, தூங்கி வழிதல். வயிற்றோட்டமில்லாத சத்தியை உணவு ஒவ்வாமை என்று விட்டுவிடாதீர்கள். ஷன்ட் வைத்த முதல் ஆறு மாதத்தில் காய்ச்சலோ வெட்டிய இடத்தில் சிவப்போ வந்தால் கிருமித்தொற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

தூக்கம் தெளியாவிட்டால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள், அல்லது கொழும்பு பொரளை சிறுவர் வைத்தியசாலைக்கு நேரே போங்கள். பழைய ஸ்கேன் படங்களையும் கொண்டுபோங்கள். ஒப்பிட அவை மிக அவசியம். காந்தத்தால் அழுத்தம் மாற்றும் வால்வு என்றால், எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு அளவைச் சரிபார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.