ஒரு கிலோ முதல் பத்து கிலோ வரை மட்டும் வராத எடை

மொத்த விற்பனைக் கிடங்கு ஒன்றுக்காக, உலாவியில் இயங்கும் பில் போடும் மென்பொருளை ஜாவாஸ்கிரிப்டில் எழுதியிருந்தோம். சீரியல் போர்ட்டில் இணைந்த தராசின் எடையைப் படிக்க மட்டும், சி++ மொழியில் எழுதிய என்பிஏபிஐ செருகுநிரல் ஒன்று இருந்தது; என்பிஏபிஐ என்பது இத்தகைய நிரல்களை உலாவியோடு இணைக்கும் பழைய முறை. 2015 செப்டம்பரில் குரோம் உலாவியின் 45ஆம் பதிப்பு அந்த முறைக்கான ஆதரவை முற்றாக நீக்கியது. அறிவிப்பு 2013லேயே வந்திருந்தும் நாங்கள் தள்ளிப்போட்டது தவறுதான்.

அதன்பின் நேட்டிவ் மெசேஜிங்குக்கு மாறினோம். இம்முறையில் நேட்டிவ் நிரல், அதாவது கணினியில் நேரடியாக இயங்கும் நிரல், உலாவிக்குள் ஏறாமல், வெளியே தனியாக இயங்கியபடி, ஸ்டாண்டர்டு இன்புட், அவுட்புட் எனும் இயல்பான உள்ளீட்டு, வெளியீட்டு வழிகள் மூலம் உலாவி நீட்டிப்புடன் ஜேசான் என்ற உரை வடிவில் செய்திகளைப் பரிமாறுகிறது. ஒவ்வொரு செய்திக்கு முன்னும் அதன் நீளத்தை நான்கு பைட்டுகளில் அனுப்ப வேண்டும். நிரல் முறிந்தாலும் உலாவி முறியாது என்பதால், பழைய ஏற்பாட்டைவிட இதுவே எனக்கு நம்பிக்கை தந்தது.

ஆனால் 800 கிராம் வந்தது, 12 கிலோவும் வந்தது. ஒரு கிலோவுக்கும் பத்து கிலோவுக்கும் இடைப்பட்ட எடை வைத்தால் மட்டும் திரை அப்படியே நின்றது. தராசையும் கேபிளையும் மாற்றிப் பார்ப்பதிலேயே மூன்று நாள் போயிற்று. எடையைக் கிராமில் எழுதியதால், நான்கு இலக்க எடை கொண்ட செய்தி சரியாகப் 10 பைட் நீளம் பெற்றிருந்தது. அந்த 10தான் வரி முடிவைக் குறிக்கும் எண்ணும்கூட. விண்டோஸில் ஸ்டாண்டர்டு அவுட்புட் இயல்பாக, எல்லாவற்றையும் எழுத்துகளாகக் கருதும் உரை முறையில் இருப்பதால், அதற்கு முன்னால் 13 என்ற பைட் தானாகச் சேர்ந்துவிட்டது. உலாவி முதல் நான்கு பைட்டுகளைப் படித்து, நீளம் 2573 (13 + 10 × 256) என்று எடுத்துக்கொண்டு, வராத மீதிக்காகக் காத்திருந்தது. அவுட்புட்டை, பைட்டுகளை மாற்றாமல் அப்படியே அனுப்பும் பைனரி முறைக்கு மாற்றிய ஒரே வரியில் சிக்கல் தீர்ந்தது.

*

மேலே தாங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் அனுபவம் நினைவுக்கு வந்தது. தங்களுக்குச் சிக்கல் தந்தது எடை, எங்களுக்குப் படத்தின் அளவு. படங்களைக் கூர்மையாக்கும் சி++ நூலகத்தை எம்ஸ்கிரிப்டன் என்ற மொழிமாற்றி கொண்டு, உலாவியில் இயங்கும் குறிமுறை வடிவமான வெப்அசெம்பிளிக்கு மாற்றினோம். சிறிய படங்கள் சரியாக வந்தன; பெரியவை வெறுமையாக வந்தன. பெரிய படத்துக்கு இடம் ஒதுக்கும்போது வெப்அசெம்பிளியின் நினைவகம் வளர்கிறது. வளர்ந்தவுடன், அந்த நினைவகத்தைப் படிக்க ஜாவாஸ்கிரிப்ட் முன்பே பிடித்து வைத்திருந்த அணிகளின் (array) நீளம் எந்தப் பிழைச்செய்தியும் இன்றிப் பூஜ்யமாகிவிடுகிறது. ஒவ்வொரு அழைப்புக்குப் பின்னும் அணியைப் புதிதாக எடுக்கத் தொடங்கிய பிறகே முழுப் படமும் தெரிந்தது.